பேராசிரியர் கட்டிக்கொண்ட காப்பு

அதனால்தான் சொல்கிறேன் பார்வதி, பேராசிரியர் என்றதும் உடனே வாயைப் பிளக்காதே. என் அக்கா மகன் கதிர்வேலும் பேராசிரியர்தான், இல்லை என்று யார் சொன்னது? நம் சனத்தின் பேச்சு, பாட்டு, கூத்து, ஒப்பாரி எல்லாவற்றையும் ஆராய்ச்சி பண்ணிப் புத்தகம் போட்டவன். வெளிநாட்டுக்கெல்லாம் போய்ப் பேசிவிட்டு வருகிறவன். எழுத்து தெரியாத எனக்கு அவன் புத்தகம் விளங்காது. இலங்கையில் பதுளைக்குப் போய் இறங்கி, அவன் என்ன செய்தான் என்று கிட்ட நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதைக் கேள்.

நான் போனது அவனுக்காக இல்லை. என் அக்கா மாரியாயிக்காக. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு இந்தியா என்று எழுதினார்கள், பாதிப் பேருக்கு இலங்கை என்று எழுதினார்கள். நான் இந்தப் பாதி, கப்பல் ஏறி இங்கே கோத்தகிரிக்கு வந்தேன். அக்கா அந்தப் பாதி, நமுனுகுல மலையில் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டாள். மகனுக்குக் கொழும்பில் பெரிய பட்டம் கொடுக்கிறார்கள், அதற்கு முன்னால் டிவிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பிறந்த இடத்தைக் காட்ட வருகிறான், நீயும் வா என்று போனில் கூப்பிட்டாள். என் மகன் எல்லா ஏற்பாடும் செய்து கொடுத்தான். கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் கொழும்பிலிருந்து ரயில். மேலே ஏற ஏறக் குளிர். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எதற்கு என்றால், தேயிலையைப் பார்க்கிறார்களாம். எனக்குப் பக்கத்தில் ஒரு சிங்களத் தாத்தா. அவர் கூடையிலிருந்து வடை எடுத்துக் கொடுத்தார், மேலே ஒரு முழு இறால் மீசையோடு படுத்திருந்தது. நான் பயந்து பயந்து கடித்தேன், பிறகு இன்னொன்று கேட்டு வாங்கினேன். எதிரே இருந்த பெண் இரண்டு பேச்சும் தெரிந்தவள். தாத்தா கேட்பதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொன்னாள். உங்கள் ஊரில் என்ன விளையும் என்று கேட்டார். தேயிலை என்றேன். அவர் சன்னலுக்கு வெளியே காட்டி, "அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? அங்கேயே நின்னு இதைப் பாத்திருக்கலாமே" என்றாராம். பெட்டி முழுவதும் சிரித்தது.

பதுளையில் இறங்கியதும் பசி. அங்கே ரொட்டியைப் பாண் என்கிறார்கள், பருப்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் சிவப்பாகக் கட்டச் சம்பல் வைத்தார்கள். நம் மிளகாய்ச் சட்னி அதற்கு முன்னால் பால்சோறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்க்கடை வாசலில் ஆள் உயரப் பேனர். மாலை போட்ட முகம். எங்கேயோ பார்த்த மூக்கு. சர்வர் பையனிடம் கேட்டேன். "உலகத் தமிழறிஞர் கதிர்வேல் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்னு போட்டிருக்கு பாட்டி" என்றான். என் அக்கா மூக்கேதான், பேனரில் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அந்த எதிர்க்கடை முதலாளியிடம் நான் யார் என்று சொன்னதும் உட்கார நாற்காலி வந்தது. பள்ளிக்கூடம் படிக்கும்போது கதிர்வேல் இந்தக் கடையில்தான் தங்கினானாம். "நாங்க வளத்த புள்ளைதான்மா அது" என்றார். எப்படி வளர்த்தார்கள் என்று அக்கா எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறாள். விடிகாலையில் கடையைக் கூட்டி, மூட்டை அடுக்கி, இரவில் அந்த மூட்டைமேலேயே படுத்துப் படித்தவன். அதை நான் அங்கே சொல்லவில்லை. கொடுத்த பிளேன்டீயைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நமுனுகுலப் பக்கம் போகிற பஸ் பாதி ஏற்றத்தில் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தை இரண்டு உதை உதைத்துவிட்டு, இனி நடக்க வேண்டியதுதான் என்று கைவிரித்தார். பனி இறங்கி முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கொழுந்து லொறி வந்தது. பறித்த தேயிலையை மூட்டை மூட்டையாக அடுக்கிக்கொண்டு போகிற லொறி. என்னை இரண்டு பேர் தூக்கி மேலே வைத்தார்கள். மெத்தைமேல் உட்கார்ந்த மகாராணி மாதிரி அக்கா தோட்டத்துக்குள் நுழைந்தேன். டிவிக்காரர்கள் எடுத்திருக்க வேண்டியது அதைத்தான்.

அக்கா லயத்து வாசலில் நின்றாள். லயம் என்றால் உனக்குத் தெரியும், நாம் முதலில் இருந்த வரிசை வீடு மாதிரிதான், ஒரு கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பிரா. நாம் இங்கே தனித்தனி வீட்டுக்கு வந்துவிட்டோம், அவளுக்கு இன்னும் அதே காம்பிராதான். கூரைத் தகரம் புதுசு, புகை பழசு. அத்தான் செத்துப் பல வருஷமாகத் தனி ஆள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், உடனே பசிக்குமே என்று ரொட்டி சுட்டாள். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த தடித்த ரொட்டி. அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் அவள் மகன் கதையை முழுதாகக் கேட்டேன்.

பல்கலைக்கழகத்தில் ஒரு பெரியவர், உன் சனத்தின் பாட்டையே ஆராய்ச்சி பண்ணு என்றாராம். லீவுக்கு வந்தவன் ஒரு டேப் பெட்டியை அம்மா முன்னால் வைத்திருக்கிறான். மலையிலிருந்து கால் கடுக்க இறங்கி வந்தவள் அடுப்படியில் உட்கார்ந்து பாடினாள். தாலாட்டு பாடினாள், கும்மி பாடினாள். ஒப்பாரி பாடும்போது புருஷன் நினைப்பு வந்து நிஜமாகவே அழுதுவிட்டாள். இவன் பெட்டியை நிறுத்திவிட்டு, அழுகை இல்லாமல் இன்னொரு தரம் பாடுங்கள் என்றானாம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பாட்டை வைத்துத்தான் டாக்டர் ஆனான். ஊசி போடாத டாக்டர். அப்புறம் புத்தகம் மேல் புத்தகம். அக்கா எல்லாவற்றையும் அரிசிப் பெட்டிமேல் துணி போட்டு அடுக்கியிருந்தாள். முன் அட்டையில் கூத்தாடிகள், கூடைக்காரிகள். பின் அட்டையில் அவன் முகம். முதல் புத்தகத்தில் முகம் தபால்தலை அளவு, போகப் போகப் பெரிதாகி, கடைசிப் புத்தகத்தில் அட்டை முழுவதும் அவன்தான். ஒரு புத்தகத்துக்குள்ளே அக்கா படம். கூடை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கீழே என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்துக் காம்பிரா பெண்ணைப் படிக்கச் சொன்னேன். "தோட்டத் தொழிலாளப் பெண் ஒருவர்" என்று இருந்தது. பேர் போடக் கூடாது என்பது ஆராய்ச்சியில் ஒரு சட்டமாம், அக்கா எனக்கு விளக்கினாள். அவன் பேர் மட்டும் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதே என்றேன். "அவன்தானேடி எழுதுனான்" என்றாள். வருஷக்கணக்கில் அவன் அந்தக் காம்பிராவில் ஒரு ராத்திரி தூங்கியதில்லை. வந்தால் பதுளையில் ரூம். முதுகு வலியாம்.

மறுநாள் வெள்ளை வேனில் வந்து இறங்கினான். கூட இரண்டு டிவிக்காரர்கள். நல்ல பிள்ளைகள், என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். இவன் என்னைப் பார்த்து, "சின்னம்மா, தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாரிடமாவது பேசுகிறானோ என்று. அம்மாவிடமும் அதே பேச்சுத்தான். ஆனால் கேமராவைத் தூக்கியதும் ஆள் மாறிவிட்டான். "இந்தா இந்த மண்ணுலதாங்க நான் உருண்டேன், பொறண்டேன்" என்று லயத்துப் பேச்சு அருவியாகக் கொட்டியது. கேமராவை இறக்கியதும் மறுபடி புத்தகப் பேச்சு. எனக்கு வேடிக்கையாக இருந்தது. கேமராவைத் தூக்குவதும் இறக்குவதுமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் தோட்டத்தில் காமன் கம்பம் நடுகிற நாள். நம் தோட்டத்தில் சண்டை போட்டு நிறுத்திவிட்டோமே காமன் கூத்து, அங்கே இன்னும் மாசி பிறந்தால் விடுவதில்லை. மன்மதனும் ரதியுமாக வேஷம் கட்டி, கல்யாணம் நடந்து, பல நாள் கழித்துக் கடைசியில் காமன் எரிகிற கூத்து. அதில் அக்கா வீட்டுக்கு ஒரு உரிமை உண்டு. ரதி வேஷம் கட்டுகிறவனுக்குப் புடவை அவள் வீட்டிலிருந்துதான் போகும். அத்தான் இருந்தவரை அவர்தான் ரதி. அவர் போன பிறகும் கூத்தை நடத்துகிற பெருமாள் மாஸ்டர் வருஷா வருஷம் வாசலுக்கு வந்து, மதினி, பொடவை குடுங்க என்று கேட்டு வாங்கிப் போவார். வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒற்றைக் கிழவிக்கு அந்தத் தோட்டத்தில் வேறு என்ன மரியாதை இருக்கிறது சொல்.

கம்பம் நட்டார்கள், தப்பு அடித்தார்கள். கூத்தில் சேருகிறவர்கள் கையில் மாஸ்டர் மஞ்சள் காப்பு கட்டினார். டிவிக்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது. சார், நீங்களும் கட்டிக்கொண்டால் படம் நன்றாக வரும் என்றார்கள். இவன் உடனே கையை நீட்டினான். மாஸ்டர் கட்டவில்லை. நூலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"கதிரு, இது வேடிக்கைக்குக் கட்டுறது இல்ல. கட்டிட்டா காமன் எரியிற வரைக்கும் தோட்டத்த விட்டுத் தாண்டக் கூடாது. யோசிச்சுக்கப்பா."

அது அவனுக்குத் தெரியாததா? அதைத்தானே புத்தகமாகப் போட்டிருக்கிறான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "நான் எங்க மாஸ்டர் போகப் போறேன்? எங்கப்பன் ஆடுன மண்ணு இது" என்றான். சனம் குலவை போட்டது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டினார். அக்கா என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது. என் மகன் இருக்கப் போகிறான், காமன் எரியும்வரை இருக்கப் போகிறான் என்று அவளுக்கு நினைப்பு. ஓடிப்போய் மெத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அந்த மெத்தையில் உட்கார்ந்துதான் சொன்னான். "அம்மா, நாளை அதிகாலை நான் புறப்பட வேண்டும். விழாவுக்கு நிறைய ஆயத்தங்கள் இருக்கின்றன."

அக்கா ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தாள். "கையில காப்பு இருக்கேப்பா."

"அது ஒளிப்பதிவுக்காகக் கட்டியதுதானே. சட்டைக் கையை இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது."

அவள் அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள். நான்தான் பேசினேன், எனக்கு அடங்குமா? கட்டாமல் இருந்திருக்கலாமே, உன்னை யார் கழுத்தைப் பிடித்தார்கள் என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, சடங்கின் உயிர் நூலில் இல்லை சின்னம்மா, அதை நம்புகிற மக்களின் மனத்தில் இருக்கிறது என்றான். அந்த மக்கள் யாரடா, பக்கத்துக் காம்பிராவில்தானே இருக்கிறார்கள், போய்ச் சொல் என்றேன். படுப்பதற்குத் தோட்டத்துப் பெரிய கிளார்க் வீட்டுக்குப் போய்விட்டான். இரவல் மெத்தையில் நான் படுத்தேன்.

அக்கா படுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவன் காப்பை ஒளித்துக்கொண்டு போய்விடுவான். நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், மழைக்குப் பின்மேடு சரிந்து விழுந்தாலும், காப்பு அறுத்தவன் வீடு என்று என் வாசலைத்தான் காட்டுவார்கள். ரதிக்குப் புடவை என் வீட்டிலிருந்து எடுக்க மாட்டார்கள். வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்க வராமல் இருந்துவிடுவார்கள். இதைத்தான் சொல்லிச் சொல்லித் தூங்காமல் கிடந்தாள்.

காலையில் வேன் ஸ்டார்ட் ஆன சத்தம். அந்த நேரம் பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், ஆளை எண்ணி எந்த மலைக்கு யார் என்று வேலை பிரிக்கிற இடத்துக்கு. எல்லாக் கண்ணும் வேன்மேல்தான். இவன் நீளக் கைச்சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் மாட்டியிருந்தான். அக்கா நேராகப் போய் வேன் கதவைத் திறந்தாள்.

"எறங்குப்பா."

அவன் இறங்கினான்.

"போறதுனா போ, உன்ன நான் மறிக்கல. ஒளிச்சுக்கிட்டுப் போகாத. கம்பத்துகிட்ட வந்து மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு, எல்லாரும் பாக்க அவுத்து வச்சுட்டுப் போ."

"அம்மா, எல்லோர் முன்னிலையிலும் என்னைச் சிறுமைப்படுத்தாதீர்கள்."

"நீ போயிருவ. நான் இங்கதான கெடக்கணும்?"

போனான் பார்வதி. மாஸ்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். பெரட்டுக்குப் போனவர்களும் நின்றுவிட்டார்கள். முடிச்சு பனியில் நனைந்து இறுகிக் கிடந்தது. ஒரு கையால் அவிழ்க்க வரவில்லை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், யாரும் கை கொடுக்கவில்லை. மாஸ்டர் கொடுக்கவில்லை, அக்கா கொடுக்கவில்லை, நான் எதற்குக் கொடுக்கிறேன்? கடைசியில் உலகத் தமிழறிஞர் குனிந்து பல்லால் கடித்தார். அவிழ்ந்ததைக் கம்பத்தடியில் வைத்தான். இத்தனை நாளும் கதிரு, வாடா, போடா என்று பேசின மாஸ்டர், "சரிங்க தம்பி, பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். அந்த மரியாதையைக் கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் முகம் தொங்கிப்போனது. வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு தினமும் அக்கா அந்தப் புடவையை வெளியே எடுப்பாள், உதறுவாள், மறுபடி பெட்டியில் வைப்பாள். மாஸ்டர் வாசல் வழியாகப் போவார், தலையை ஆட்டுவார், புடவை என்று வாயைத் திறக்க மாட்டார். அவள் மனசை மாற்ற ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெலிமடை உருளைக்கிழங்கு மலை மலையாகக் கொட்டிக் கிடந்தது. நம் நீலகிரிக் கிழங்குதான் ருசி என்று நான் சொல்லப்போக, கிழங்கு விற்றவன் வேக வைத்துக் காட்டட்டுமா என்று சண்டைக்கு வந்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக்ஸ் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

பட்டம் கொடுக்கிறதை டிவியில் காட்டினார்கள். விளக்கு வைத்த நேரம். அந்த வரிசையிலேயே அக்கா வீட்டு டிவிதான் பெரியது, மகன் வாங்கிக் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும் அல்லவா. காம்பிரா நிறையச் சனம். மாஸ்டருக்கு முன்வரிசையில் பாய் போட்டோம். மேடையில் பொன்னாடைமேல் பொன்னாடை, கழுத்தே தெரியவில்லை. பேசுவதற்கு மைக்கைப் பிடித்தான். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான்.

மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. புத்தம்புது நூல், அப்போதுதான் மஞ்சளில் முக்கி எடுத்த மாதிரி.

"என் தாய் வாழும் லயத்திலிருந்து நேராக இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்" என்றான். "என் மக்கள் கட்டிய காப்பு இதோ என் கையில் இருக்கிறது." கையைத் தூக்கிக் காட்டினான். அங்கே கைதட்டல் நிற்கவே இல்லை.

இங்கே ஒரு கைகூடத் தட்டவில்லை. அவன் அவிழ்த்துப் போட்ட காப்பு கம்பத்தடியில் கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் தலையைக் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் அக்கா பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் அவளுக்கு வலிக்கும் என்று. நான் அவள் கையைத் தேடினேன். அவள் கையை விலக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"என்ன எல்லாரும் எழவு வீட்ல உக்காந்த மாதிரி இருக்கீங்க? வேஷம் நல்லாத்தான கட்டியிருக்கான். அவங்கப்பனுக்கு வேஷம் கட்டி முடிக்க ஒரு ராத்திரி புடிக்கும். இவன் ஒரு சாண் நூல்ல கட்டிட்டான் பாருங்க."

முதலில் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் ஒவ்வொருவராக ஆரம்பித்து, காம்பிராவே குலுங்கியது. மாஸ்டர் பாயில் சாய்ந்துவிட்டார், கண்ணில் தண்ணீர். அக்காவும் சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எல்லாம் அடங்கினதும் மாஸ்டர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார்.

"மதினி, பொடவைய நாளைக்கு எடுத்து வெயில்ல போட்டு வைங்க. கல்யாணம் வருதுல்ல."

போய்விட்டார். அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் புடவையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தபோது கதிர்வேல் போன் பண்ணினான். சத்தத்தைக் கூட்டி வைத்தாள், எனக்கும் கேட்டது. நிகழ்ச்சியைப் பார்த்தீர்களா அம்மா என்று கேட்டான்.

"பாத்தோம்பா. இங்க எல்லாருந்தான் பாத்தோம்."

"மக்கள் என்ன சொன்னார்கள்?"

"சிரிச்சாங்கப்பா."

"மகிழ்ச்சியில்தானே?"

அக்கா புடவை முனையைக் கம்பியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டாள். "ஆமாப்பா. ரொம்ப நாளைக்கப்பறம் நல்லா சிரிச்சாங்க."

அந்தச் சிரிப்பை எந்தப் புத்தகத்தில் சேர்ப்பானோ, எனக்கென்ன தெரியும். ஐயோ, மலைப்பக்கம் பார், கறுத்துக்கொண்டு வருகிறது. விறகு முழுக்க வெளியே கிடக்கிறது. உட்கார்ந்திருக்காதே பார்வதி, அந்தக் கட்டையை இந்தப் பக்கம் எடுத்துக் கொடு.